கள்ளும் வினாகிரியும் இரண்டு கந்தோர்களும்

கள் எந்த நேரத்தில் வினாகிரி ஆகிறது?

இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் நானும் சிரித்தேன். இப்போது என் சமையலறை மூலையில் வெள்ளைத் துணி கட்டிய ஐந்து பானைகள் இருக்கின்றன. காலையில் எழுந்ததும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், பிறகு பானைகளை முகர்ந்து பார்க்கிறேன். சுவர் ஓரத்தில் இருப்பது ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரி. வாசல் பக்கத்தில் இருப்பது கள். நடுவில் உள்ள மூன்றும் என்னைப் போல. தாங்கள் என்னவென்று அவற்றுக்கே நிச்சயமில்லை. ஒரு நாள் ஓர் அதிகாரி வந்து அவற்றுக்குப் பெயர் வைக்கப் போகிறார். என் கணவர் இனி மரம் ஏறலாமா இல்லையா என்பது அவர் வைக்கும் பெயரில் இருக்கிறது.

யுத்தம் முடிந்து சில வருடங்களில், தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து மன்னார்த் தீவுக்குத் திரும்பி வந்தோம். தாழ்வுபாட்டுப் பக்கம், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, பனங்காணிகளுக்கு நடுவில் எங்களுக்கு ஒரு வீட்டுத்திட்ட வீடு கிடைத்தது. என் கணவர் சீவல் தொழிலாளி. பனையில் ஏறிப் பாளையைச் சீவி, முட்டி என்கிற சிறு பானையைக் கட்டிவிட்டு, அதில் ஊறிச் சேர்வதை இறக்கிவரும் வேலை. அதை அவர் பழகியது இங்கே அல்ல, முகாமில் இருந்த காலத்தில், இராமநாதபுரத்துப் பனங்காடுகளில். அங்கே கள் இறக்கினால் பொலிஸ் பிடிக்கும், பதநீர் இறக்கினால் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது முட்டிக்குள் பூசும் சுண்ணாம்பு மட்டும்தான். சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும். ஆகவே அங்கே அவர் மரத்தடியில் சிலுவை போட மறந்த நாள் இருக்கலாம், முட்டிக்குச் சுண்ணாம்பு பூச மறந்த நாள் இல்லை.

இங்கே நிலைமை நேர் எதிர். கள் சட்டப்படியான பொருள். அதற்கு அனுமதிப்பத்திரம் உண்டு, சங்கம் உண்டு, விற்பதற்குத் தவறணை உண்டு. அவர் சங்கத்தில் அங்கத்தவராகி முதல் தடவை மரம் ஏறியபோது, கை தன் பழைய பழக்கத்தில் முட்டிக்குச் சுண்ணாம்பைப் பூசிவிட்டது. மறுநாள் காலை பிளாஸ்டிக் கானைத் தூக்கிக்கொண்டு சங்கத்தின் சேகரிப்பு நிலையத்துக்குப் போனார். மகள் அப்போது என் வயிற்றில். பெருமை பார்க்க நானும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

நிலையத்தை நடத்தும் முகாமையாளர் ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

"என்ன தம்பி இது?"

"கள்ளு சேர்."

"இதோ கள்ளு? உம்மட பிள்ளை பிறந்தால் பால் போத்தில்ல விட்டுக் குடுக்கலாம். சுண்ணாம்பு போட்டனீரோ?"

"ஓம் சேர். அங்க போடாட்டில் பொலிஸ் பிடிக்கும்."

"இங்க போட்டால் பிடிக்கும்."

வரிசையில் நின்றவர்கள் கானைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "இந்தியாவில இருந்து தீர்த்தம் கொண்டந்திருக்கிறார், எல்லாரும் கை ஏந்துங்கோ" என்றார் ஒருவர். அன்று முதல் என் கணவருக்குத் தவறணையில் பெயர் 'பதநீர்'. சொந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த முதல் பட்டம்.

சேகரிப்பு நிலையத்துச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. கள்ளில் எதையும் கலக்கக் கூடாது. காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும். புளித்துப்போன கள் ஏற்கப்படாது, அதை முகாமையாளர் முன்னிலையில் நிலத்தில் ஊற்றிவிட வேண்டும். படித்தவள் என்ற முறையில் நான் அதை முழுக்க வாசித்து, ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கிறது என்று கணவருக்குச் சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன். விதிகளை வாசித்தால் எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி வரும். முகாமில் வளர்ந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும்.

பிறகு வெக்கை வந்தது.

மன்னாருக்கு வெயில் புதிதா என்று நீங்கள் கேட்கலாம். வெயில் புதிதல்ல. இரவு ஆறாமல் இருப்பதுதான் புதிது. முன்பெல்லாம் விடியும்போது முட்டி கைக்குக் குளிராக இருக்கும் என்று சங்கத்தில் மூத்தவர்கள் சொல்கிறார்கள். இப்போது தேத்தண்ணிக் கோப்பையைத் தொடுகிற மாதிரி இருக்கிறதாம். சோளகக் காற்று வீசினாலும் அடுப்பு வாயிலிருந்து யாரோ ஊதுகிறார்கள். கள் மரத்திலேயே பாதி புளித்துவிடுகிறது. விடியுமுன் இறக்கினாலும், சங்கக் கதவு திறக்கும்வரை கான்கள் வரிசையில் வெயில் காய்கின்றன. எட்டு மணிக்கு முகாமையாளர் வந்து, முகர்ந்து, "புளிச்சிட்டுது, அடுத்த ஆள்" என்கிறார்.

அப்படியானால் கதவை ஆறு மணிக்குத் திறந்தால் என்ன? என் கணவர் கேட்டார்.

"எனக்கு விளங்குது தம்பி," என்றார் முகாமையாளர். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "அந்தப் பலகைக்கு விளங்காது. நேரத்தை மாத்திறதெண்டால் பொதுக்கூட்டம் கூடித் தீர்மானம் எடுக்கோணும், மேல அனுப்போணும், மேல இருந்து அதுக்கும் மேல போகும்."

ஏன் எட்டு மணி என்று விசாரித்துப் பார்த்தேன். யுத்தத்துக்கு முந்திய காலத்தில் முகாமையாளராக இருந்தவர் பெருநிலத்திலிருந்து பஸ்ஸில் வருவாராம். பஸ் வந்து சேர எட்டு மணியாகுமாம். அந்த ஆள் இப்போது இல்லை. அந்த பஸ்ஸும் இல்லை. இடையில் ஊரே இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்திருக்கிறது. எட்டு மணி மட்டும் ஓரிடத்துக்கும் போகாமல் அங்கேயே இருந்திருக்கிறது.

என் கணவர் இன்னொரு யோசனை வைத்தார். முட்டிக்கு ஒரு துளிச் சுண்ணாம்பு. இனிப்பாக நிறுத்த அல்ல, இரண்டு மணித்தியாலம் தாமதமாகப் புளிக்கவைக்க. எட்டு மணிக்கு அது சரியான கள்ளாக நிற்கும்.

"பதநீர், நீர் இன்னும் திருந்தேல்லையோ?" என்று வரிசை சிரித்தது. முகாமையாளர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். எதையும் கலக்கக் கூடாது.

இந்த நேரத்தில்தான் காலநிலை மாற்றத்துக்கு எங்களைப் பழக்க ஒரு நிறுவனம் வந்தது. பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் பயிற்சிப்பட்டறை. சீவல் தொழிலாளிகளும் மனைவிமாரும் வர வேண்டும். வந்தவர்களுக்குத் தொப்பி, பை, தண்ணீர்ப் போத்தல். மண்டபத்தில் ஏசி போட்டிருந்தார்கள். கைக்குழந்தையாக இருந்த மகள் தும்மத் தொடங்கினாள், எங்கள் ஆட்கள் பெனியனுக்குள் கைகளை இழுத்துக்கொண்டார்கள். காலநிலை மாற்றத்தை அன்றுதான் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம். திரையில் ஓர் உடைந்த பனிக்கட்டி, அதன் மேல் வெள்ளைக் கரடி ஒன்று தனியாக நின்றுகொண்டிருந்தது.

"பாவம், இவரும் எட்டு மணிக்குக் கதவு திறக்கும் எண்டு நிக்கிறார் போல," என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

கேள்வி நேரத்தில் நான் எழுந்தேன். எழும்போதே ஏன் எழுந்தேன் என்று இருந்தது. "சேகரிப்பு நிலையத்தை ஆறு மணிக்குத் திறக்க நீங்கள் ஏதும் செய்யலாமா?" என்று கேட்டேன். பயிற்சி தந்தவர் மிகவும் சந்தோசப்பட்டார். நல்ல கேள்வி என்றார். அது கொள்கை சம்பந்தப்பட்டது, தங்கள் திட்டத்துக்குள் வராது என்றார். தங்கள் திட்டத்தில் நிழல்மரம் நடுவதுதான் உண்டு என்றார். பனைக்கு மேலே நிழல் தர என்ன மரம் நடுவது என்று என் கணவர் கேட்க வாய் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

இதற்கிடையில் காலநிலை மாற்றத்துக்கு உண்மையில் பழகிக்கொண்டவை மன்னார்க் கழுதைகள்தான். சேகரிப்பு நிலையத்துக்குப் பின்னால் புளித்த கள்ளை ஊற்றும் இடத்தில் மணல் ஈரமாகவே கிடந்தது. பட்டணத்துத் தெருக்களில் அலையும் கழுதைகளில் ஒரு கூட்டம் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. எட்டு மணிக்குச் சற்று முன்னால் வந்து வரிசையாக நிற்கும். எந்தப் பட்டறைக்கும் போகவில்லை, தொப்பியும் வாங்கவில்லை. பத்து மணிக்கு வீதியின் நடுவில் நின்று பஸ்ஸுக்கு வழிவிடாமல் யோசித்துக்கொண்டிருக்கும்.

கழுதைகள் குடிப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு வினாகிரி நினைவு வந்தது. புளித்த கள்ளைத் துணி கட்டி வைத்தால் சில கிழமைகளில் தானாகவே வினாகிரி ஆகும். இது எல்லோருக்கும் தெரிந்த விசயம். வெக்கை கூடினால் இன்னும் விரைவாக ஆகும். எங்களைக் கெடுத்த அதே சூடு இதற்கு உதவி செய்யும். வேறென்ன வேண்டும்?

முகாமையாளரிடம் என் கணவர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அவர் சுவரில் இருந்த பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு, "நான் அங்கால திரும்பி நிக்கிறன். நீர் ஊத்தினீரோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஊத்தினதெண்டுதான் எழுதுவன்" என்றார். அப்படித்தான் அந்தக் கள் மணலுக்குப் போனதாகப் பதிவாகி, என் சமையலறைக்கு வந்தது.

முதல் பானை பழுத்ததும், தீவிலேயே உள்ள தாராபுரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு முட்டை கொண்டுவரும் ராத்தாவுக்குக் காட்டினேன். அவர் வீட்டில் மாங்காய் அச்சாறும் நெத்தலி அச்சாறும் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர், அதனால் நாங்கள் இருவரும் நிவாரண அரிசியின் தரம் பற்றி நெடுநேரம் பேசுவோம். துணியை விலக்கி முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அல்லாவே, இதெல்லோ வினாகிரி! கடையில வாங்குறது தொண்டையைக் கீறுது. ஆனா புள்ள, இது கள்ளில இருந்து வந்ததுதானே? நான் மௌலவிக்கிட்டக் கேக்காமத் தொடமாட்டன்."

அடுத்த தடவை வரும்போதே பதில் கொண்டுவந்தார்.

"தானாப் புளிச்சு வினாகிரி ஆனா ஆகுமாம். வெறிக்கிற குணம் முழுக்கப் போயிருக்கோணுமாம். உள்ளுக்கு எதையும் போட்டுப் புளிக்க வச்சிருந்தா ஆகாதாம். நீ ஒண்டும் போடல்லையே?"

"இல்லை ராத்தா. எங்கட சங்கத்துப் பலகையும் அதைத்தான் சொல்லுது."

"அப்ப உங்கட பலகையும் நல்ல பலகைதான்."

"வெறிக்கிற குணம் எப்ப முழுக்கப் போகும்?" என்று நான் கேட்டேன்.

"அதை உன்ட மாப்பிள்ளைக்கிட்டக் கேளு."

"நான் ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை குடிச்சுப் பாத்துச் சொல்லுறன்," என்றார் என் கணவர், கதிரையை விட்டு எழாமலே.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ராத்தா வாங்குவார், நாங்கள் கொடுப்போம், கழுதைகளுக்குக் கொஞ்சம் குறையும். ஆனால் பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர், அச்சாறில் என்ன வினாகிரி, அதற்குக் கடுதாசி இருக்கிறதா என்று ராத்தாவிடம் கேட்டுவிட்டார். கடுதாசி என்ற சொல் காதில் விழுந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. சுத்தமான சாரியைக் கட்டிக்கொண்டு, மகளையும் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனேன்.

முதலில் கள்ளைப் பார்க்கும் கந்தோர். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி.

"வீட்டில கள்ளு வச்சிருக்கிறியளோ?"

"இல்லை சேர், வினாகிரி."

"வினாகிரி ஆக முதல் என்னவா இருந்தது?"

"கள்ளு."

"அப்ப வச்சிருந்தது கள்ளு."

"இப்ப புளிச்சிட்டுது சேர்."

"புளிச்ச கள்ளும் கள்ளுதான் அம்மா."

"எதுவரைக்கும் சேர்?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "வினாகிரி ஆகும் வரைக்கும். ஆகிட்டுது எண்டு உணவுக் கந்தோர் எழுதித் தரோணும்," என்றார். பிறகு என் முழங்காலில் இருந்த மகளைப் பார்த்தார். "சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில பானை பானையா வச்சிருக்கிறியள். படிச்ச ஆள் மாதிரித் தெரியுறியள்."

அந்த வார்த்தையைப் பஸ்ஸில் வரும்போதும் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். பதில் எனக்கு வந்தது வீட்டு வாசலுக்கு வந்த பிறகு. இந்தப் பிள்ளைக்குச் சோறு அந்தப் பானையிலிருந்துதான் வருகிறது என்று சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து உணவைப் பார்க்கும் கந்தோர். அங்கே இருந்தது ஒரு பெண் அதிகாரி, மிகவும் அன்பானவர், மகளுக்கு பிஸ்கட் கொடுத்தார்.

"வினாகிரி எண்டால் எங்கட பக்கம்தான். ஆனால் அது கள்ளு இல்லை எண்டு கள்ளுக் கந்தோர் ஆக்கள் எழுதித் தரோணும்."

"அவை நீங்கள் வினாகிரி எண்டு எழுதித் தரோணும் எண்டினம், மிஸ்."

"அப்ப சாம்பிள் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பலாம். ரெண்டு மூண்டு மாசம் எடுக்கும்."

"அதுக்குள்ள எதை அனுப்பினாலும் வினாகிரியாப் போயிடுமே மிஸ்."

"அப்ப நல்லதுதானே!" என்று அவர் மனம் நிறைந்து சிரித்தார். பிறகு பேனையைத் திறந்து, "கள்ளு எங்க வாங்கினது? ரசீது இருக்கோ?" என்றார்.

அந்தக் கள்ளை நான் வாங்கவில்லை. சங்கத்தில் கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்ட கள் அது. சங்கத்தின் கணக்கில் அது மணலில் ஊற்றப்பட்டுவிட்டது. இல்லாத ஒரு பொருளிலிருந்து இருக்கிற ஒரு பொருளை எப்படிச் செய்தேன் என்று நான் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அங்கால திரும்பி நின்ற மனிதரின் வேலை போகும். சொல்லாவிட்டால், அது நாங்கள் களவாக இறக்கிய கள் ஆகிவிடும், கணவரின் அனுமதிப்பத்திரம் போகும். "பிறகு வாறன் மிஸ்" என்று எழுந்தேன். மகள் பிஸ்கட்டைக் கேட்டு அழுதாள்.

கேட்கப் போனதால் வந்த பலன், கேள்வி என் பின்னாலேயே வீடு வந்து சேர்ந்ததுதான். சில நாட்களில் முகாமையாளர் மோட்டார் சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஏன் போய்க் கேட்டனீர்?"

"சட்டப்படி செய்வம் எண்டுதான், சேர்."

"அடுத்த சீவல் காலத்துக்குப் பெர்மிட் புதுப்பிக்க முதல் கந்தோர் ஆக்கள் உங்கட வீட்டை வந்து பாக்கப் போகினமாம். எண்டைக்கெண்டு சொல்லமாட்டினம். பானை கிடந்தால் தம்பிக்குச் சிக்கல். எங்கால வந்ததெண்டு கேட்டால் எனக்குச் சிக்கல்." வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "நீர் படிச்ச பிள்ளை. ஏதாவது யோசியும்."

படித்த பிள்ளை என்பதால்தானே இவ்வளவும்! அவர் போன பிறகு நான் கணவரிடம் கோபப்பட்டேன். அவர் செய்தது ஒன்றும் இல்லை, அருகில் இருந்தார், அவ்வளவுதான்.

"இஞ்சேர்," என்றார் அவர், "அங்க கள்ளு இறக்காமல் பதநீர் இறக்கினம், நல்ல பிள்ளை. இங்க அதே பதநீர் குற்றம். கள்ளைப் புளிக்க விட்டால் குற்றம், புளிக்காமல் பாத்தால் குற்றம், புளிச்சதை வினாகிரி ஆக்கினால் அதுவும் குற்றம். கழுதைக்கு ஊத்தினால் மட்டும்தான் எல்லாரும் கையெழுத்துப் போடுகினம். ஊத்திவிடுவம்."

ஆனால் ராத்தா மாங்காய் வெட்டி உப்பில் போட்டுவிட்டார். சுவர் ஓரத்துப் பானையை நம்பித்தான் போட்டார்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மகளுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. அவளுக்குப் பானையில் இருப்பது எதுவும் 'கள்ளு'. குடிதண்ணீர் கள்ளு, கஞ்சி கள்ளு. யார் வீட்டுக்கு வந்தாலும் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போய், துணி கட்டிய பானைகளைக் காட்டி, "அம்மான்ட கள்ளு" என்கிறாள். பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தபோதும் அதுதான் நடந்தது. அவர் பானைகளுக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். வருகிற அதிகாரிக்கும் இவள்தான் முதல் சாட்சி.

'வினாகிரி' என்று சொல்லப் பழக்கிப் பார்த்தேன். "வினா" என்பதோடு நின்றுவிடுகிறாள்.

ஆகவே வாசிக்கிறவர்களைத்தான் கேட்கிறேன். வாசல் பக்கத்துப் பானையை இப்போதே கழுதைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சுவர் ஓரத்தை மட்டும் வைத்திருக்கவா? அப்படியென்றால் நடுவில் உள்ள மூன்றில் எது எந்தப் பக்கம்? நுரை அடங்கினால் போதுமா, மேலே ஆடை படிந்தால் போதுமா, அல்லது என் கணவரின் கோப்பையைத்தான் நம்ப வேண்டுமா? எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்டால், எங்களுக்கு நன்மை செய்த மனிதரைக் காட்டிக்கொடுக்காமலும் பொய் சொல்லாமலும் என்ன பதில் சொல்லலாம்? உங்களில் யாராவது கந்தோரில் வேலை செய்திருந்தால், அல்லது வீட்டில் வினாகிரி போட்டிருந்தால், எழுதுங்கள். பொதுக்கூட்டம் கூட்டி எட்டு மணியை ஆறு மணியாக்கிய சங்கம் எங்காவது இருந்தால் அவர்களும் எழுதுங்கள், எப்படிச் செய்தீர்கள் என்று. அதுவரை துணியை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். இன்று காலையும் என் கணவர் புளித்த கள் ஒரு கான் கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறார். அதை உள்ளே எடுக்கவா, விடவா?